மாமன் பட்டுக்கு எத்தனை பாயிண்ட்

என் மனைவியின் தம்பி மூன்று வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வராமல் இருந்தான். காரணம் ஒரு கிரெடிட் கார்டு. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கார்டில் மார்ச் கடைசியில் தருவதாகச் சொல்லியிருந்த போனஸ் பாயிண்ட். என் பெண்ணின் கல்யாணத்துக்கு அப்போது ஐந்து வாரம்தான் இருந்தது. அவளுக்குத் தாய்மாமன் அவன் ஒருவன். தாய்மாமன் வந்து சீர் வைக்காமல் எங்கள் பக்கத்தில் கல்யாணம் நடக்காது. நடத்தினாலும் வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போவார்கள். ஆக, நான் செய்தது என்னவென்றால், பாயிண்டுக்காகப் பெண்ணின் தாய்மாமனைத் தொலைக்கப் பார்த்தேன்.

எல்லாம் தரமணியில் ஆரம்பித்தது. அங்கே ஒரு கம்பெனியில் பர்சேஸ் பிரிவில் எனக்கு வேலை. நாற்காலியிலிருந்து கை கழுவும் சோப்பு வரை வாங்குவதும், வாங்குமுன் விலையைக் குறைப்பதும்தான் என் பிழைப்பு. பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள் சிங்கப்பூர் போய்விட்டு வந்து போட்டோ காட்டினார். விமானத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தார், தலையணை வைத்து, போர்வை போர்த்தி. டிக்கெட் எவ்வளவு என்று கேட்டேன். "சும்மாதான் சார். மளிகை வாங்கினது, பெட்ஷீட் வாங்கினது எல்லாம் கார்டுல போட்டேன். பாயிண்ட் சேர்ந்துச்சு" என்றார். முப்பது வருடமாகப் பொருள் வாங்குவதையே தொழிலாக வைத்திருக்கிற எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடம் மளிகை வாங்கிப் பருப்பைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல் இருந்திருக்கிறேன்.

கார்டு தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பின்னாளில் மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்க அவ்வளவு நாள் ஆகவில்லை. எந்தக் கார்டில் நூறு ரூபாய்க்கு எத்தனை பாயிண்ட், அந்தப் பாயிண்டை எந்த விமானக் கம்பெனியின் மைலாக மாற்றலாம், மாற்றும்போது எவ்வளவு விழுங்குவார்கள், வருடக் கட்டணத்தை எப்போது தள்ளுபடி செய்வார்கள் என்று எக்செல் ஷீட் போட்டேன். கடைசியில் மூன்று கார்டு தேறின. மளிகைக்கு ஒன்று, ஓட்டலுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. மனைவிக்கும் கூடுதல் கார்டு வாங்கிக் கொடுத்தேன். எது எதற்கு என்று குழம்பக் கூடாதே என்று அவளுடைய ஸ்டிக்கர் பொட்டையே எடுத்து ஒட்டினேன். சிவப்புப் பொட்டு மளிகைக்கு, பச்சை ஓட்டலுக்கு, பெரிய கறுப்புப் பொட்டு மற்றதற்கு. மந்தைவெளி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண் என் கார்டை வாங்கி ஒரு தடவை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு தேய்த்தாள்.

மனைவி விமானம் ஏறினதே கிடையாது. "சிங்கப்பூர் போறோம். படுத்துக்கிட்டே போறோம்" என்று சொன்னேன்.

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்."

"நாலு மணி நேரத்துக்கு எதுக்குப் படுக்கணும்? உக்காந்தே போலாமே."

உட்கார்ந்து போனால் பாயிண்டுக்கு மதிப்புக் கம்மி என்று அவளுக்கு விளக்கினேன். உட்காருகிற டிக்கெட்டுக்குச் செலவழித்தால் ஒரு பாயிண்ட் நாற்பது பைசா. படுக்கிற டிக்கெட்டுக்கு என்றால் ஒன்றரை ரூபாய். அவள் கடைசி வரை கேட்டுவிட்டு, "எப்ப?" என்றாள். அடுத்த வருடம் என்றேன். அடுத்த வருடமும் "எப்ப?" என்று கேட்டாள். அந்த வருடம் விமானக் கம்பெனி திடீரென்று மைல் கணக்கை ஏற்றிவிட்டது. மூன்றாம் வருடம் அவள் கேட்கவில்லை. புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. தரமணியில் மதியம் பத்துப் பேர் சாப்பிடப் போனால் பில்லை நான் தேய்த்துவிட்டு அவரவர் பங்கை வாங்கிக்கொள்வேன். அடுக்ககத்தில் தண்ணி லாரிக்கு நான் தேய்ப்பேன். பட்டினப்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும் அம்மாவிடம் போனில் ஸ்கேன் செய்தால் கிரெடிட் கார்டு போகவில்லை. அது கடைக்கான க்யூஆர் இல்லை, சொந்தக் கணக்கின் க்யூஆர். அதை மாற்றிக்கொள்ளும்படி நாலு ஞாயிறு அந்த அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். ஐந்தாவது ஞாயிறு அவர் வஞ்சிரத்தைக் கீழே வைத்தார்.

"நைனா, நீ மீனு வாங்க வந்துகிறியா, பாயிண்டு வாங்க வந்துகிறியா? தெளிவா சொல்லிடு. பின்னால ஆளு நிக்குது."

ரொக்கம் கொடுத்து வாங்கினேன். அந்த வஞ்சிரத்தில் எனக்கு முள்தான் தெரிந்தது.

இதையெல்லாம் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறவன் மச்சினன். ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். இரண்டு மெஷின், வேலை செய்ய அவனும் இன்னொருவரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவான். அக்கா கையால் சாப்பிட்டு, ஹாலில் ஃபேனுக்கு நேர்கீழே படுத்துத் தூங்கி, நாலு மணிக்கு எழுந்து என்னை வம்புக்கு இழுப்பான். "இன்னா மாமா, கார்டுங்கோ எல்லாம் பொட்டு வெச்சினு ரெடியா கீதா? எப்ப சீமந்தம்?" என்பான். நான் பதிலுக்கு அவன் பட்டறைக் கணக்கு வழக்கைப் பற்றி ஏதாவது சொல்வேன். இருபத்தைந்து வருடமாக நாங்கள் பேசிக்கொள்வது இப்படித்தான். எங்கள் வீட்டில் என்னைக் கிண்டல் செய்ய உரிமை உள்ள ஒரே ஆள் அவன்.

பெண்ணுக்கு வரன் அமைந்தது. வைகாசியில் முகூர்த்தம், வடபழனியில் மண்டபம். எல்லோரும் செலவை நினைத்துக் கவலைப்பட, நான் மட்டும் கொஞ்சம் உற்சாகமாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கறுப்புப் பொட்டுக் கார்டில் மார்ச் முடிவதற்குள் ஒரு குறிப்பிட்ட தொகையைச் செலவு செய்தால் பெரிய போனஸ். அது வந்தால் இரண்டு பேரும் படுத்துக்கொண்டே போய்ப் படுத்துக்கொண்டே வரலாம். கல்யாணச் செலவில் தொகை தாண்டிவிடும் என்றுதான் போட்டிருந்தேன். ஆனால் நகைக்குப் பாயிண்ட் கிடையாது என்று பொடி எழுத்தில் இருந்தது. மண்டபக்காரர் கார்டே வாங்க மாட்டேன் என்றார். சமையல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மார்ச் கடைசி வாரத்தில் இன்னும் நாற்பத்தைந்தாயிரம் செலவாக வேண்டியிருந்தது. ஜவுளிக்குப் பாயிண்ட் உண்டு. எங்கள் பங்கு ஜவுளியெல்லாம் எடுத்து முடித்தாயிற்று. மிச்சம் இருந்தது மாமன் பட்டு.

நலங்குக்குப் பெண் கட்டுவது தாய்மாமன் எடுத்துத் தரும் பட்டு. அதற்காக அந்தச் சனிக்கிழமை அவன் பட்டறையைப் பூட்டிவிட்டு தி.நகருக்கு வந்தான். வேலைக்குப் போடாத வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் துணிப்பை. நான், மனைவி, பெண் மூவரும் போயிருந்தோம். மூன்றாம் மாடியில் அவன் ஒரு மாம்பழ நிறப் பட்டைப் பார்த்தவுடன் பிடித்துக்கொண்டான். அரக்கு பார்டர். இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம். பெண்ணும் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள்.

நான்தான் இன்னும் கொஞ்சம் நல்லதாகப் பார்க்கலாமே என்று ஆரம்பித்தேன். விற்பனையாளருக்கு இது போதும். ரோஜா நிறத்தில் ஒன்றை உதறி விரித்தார். நாற்பத்தெட்டாயிரம். பெண்ணின் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தோம். அது அவளுக்கு அவ்வளவு எடுப்பாக இருந்தது.

"மாமா, நான் முப்பதுதான்..." என்று மச்சினன் என் காதருகே சொன்னான்.

"மேல ஆறதை நான் போட்டுக்கறேன்டா. இதுக்குப் போய் யோசிக்கலாமா" என்று அவன் முதுகில் தட்டினேன். மனைவி அப்போது கீழ்த்தளத்தில் ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்திருந்தால் தடுத்திருப்பாள்.

பணம் கட்டும் இடத்தில் அவன் மஞ்சள் பையிலிருந்து கவரை எடுத்தான். நான் அதற்குள் கார்டை நீட்டிவிட்டேன்.

"அத உள்ள வைடா. நான் தேய்ச்சுடறேன். நீ கேஷை எங்கிட்ட குடுத்துடு. உனக்கு ஒண்ணும் குறையப் போறதில்ல, எனக்குப் பாயிண்ட்."

"மாமா, இது சாமிகிட்ட வெச்சு எட்த்துனு வந்த துட்டு."

"எங்கிட்ட குடுத்தா மட்டும் சாமி கோச்சுக்குமா?"

அவன் கவரைப் பார்த்தான், திரும்பிப் பார்த்தான். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "சரி மாமா" என்று கொடுத்தான். கல்லாவில் இருந்தவர் பேரும் போன் நம்பரும் கேட்டார். அந்தக் கடைக்கும் தனியாக ஒரு பாயிண்ட் திட்டம் இருந்ததால் என்னுடையதையே சொன்னேன்.

வெளியே வந்ததும் எல்லோரும் டிபன் சாப்பிடலாம் என்றேன். அவன் பட்டறையில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் பஸ் ஏறிவிட்டான். அவன் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பணம் போடும் மெஷினில் கவரைப் பிரித்தேன். ஐந்நூறு ரூபாய் நோட்டு அறுபது. ஓரங்களில் மஞ்சள் தடவியிருந்தது. மெஷின் ஐம்பத்தெட்டை எடுத்துக்கொண்டு, மஞ்சள் அதிகமாக ஏறியிருந்த இரண்டை மட்டும் திரும்பத் திரும்பத் துப்பியது. அந்த இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். நாலாம் நாள் போனஸ் பாயிண்ட் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. அதை மனைவியிடம் காட்டினேன். "அவன் அன்னிக்கு ஏன் சாப்பிடாமப் போனான்?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிறு அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மனைவி போன் செய்தால் "வேல கீது அக்கா" என்றான். என்னிடம் கொடுத்தால், நான் என்ன சொன்னாலும் "சரி மாமா" என்றான். கல்யாண வேலை ஏதாவது ஒப்படைத்தால் "சரி மாமா". வெயில் அதிகமாக இருக்கிறது என்றாலும் "சரி மாமா". வம்பில்லை, கிண்டல் இல்லை, பொட்டுக் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மரியாதை இவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சித்திரை பிறந்ததும் முதல் பத்திரிகையை அவனுக்கு வைக்கப் போனோம். தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. தட்டில் பழம், வெற்றிலை, பூ, பத்திரிகை எல்லாம் வைத்து நானும் மனைவியும் சேர்ந்து நீட்டினோம். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் மனைவி காபி கொடுத்தாள். அதைக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து சொன்னான்.

"கண்டிப்பா வந்துர்றேன் மாமா. மண்டபத்துல எந்த வேலன்னாலும் சொல்லுங்கோ, செய்றேன். சீரு மட்டும் நீங்களே வெச்சிருங்கோ."

"என்னடா பேசறே? காசு நீதானே குடுத்தே?"

"முப்பது குடுத்தேன். பொடவ நாப்பத்தெட்டு. பில்லு உங்க பேர்ல கீது. இதுல என்து இன்னா மாமா? அத தட்டுல வெச்சு, நான் வாங்கனேன்னு நாலு பேராண்ட காட்டிகினு நிக்க எனக்குக் கூச்சமா கீது."

கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். பர்சேஸில் எத்தனையோ பேருடைய கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தவன் நான். அவன் சொன்ன கணக்கில் ஓட்டை இல்லை.

திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம். சைதாப்பேட்டை பாலம் தாண்டியதும் மனைவி ஆரம்பித்தாள்.

"பொண்ணுக்குக் காது குத்தினமே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அவன் மடியிலதானே உக்கார வெச்சோம்."

"தோடு யாரு வாங்கினது?"

எனக்கு நினைவில்லை.

"நீங்கதான். அப்ப அவனுக்கு இருபது வயசு. அப்பா போய்ட்டாரு. யார் பட்டறையிலயோ கூலிக்கு நின்னுட்டிருந்தான். மாமன் தோடு போடணும், கையில ஒண்ணுமில்ல. நீங்க வாங்கி அவங்கிட்ட ரகசியமா குடுத்து, அவன் குடுக்கற மாதிரி குடுக்கச் சொன்னீங்க. குடுத்தான். எல்லாரும் மாமன் தோடு நல்லா இருக்குன்னாங்க. அவன் மாடிக்குப் போய் அழுதான். நான் பாத்தேன். அவ கல்யாணத்துக்கு என் காசுல செய்வேன்க்கான்னு அன்னிக்கே சொன்னான். அதுக்குத்தான் நாலு வருஷமா அந்தப் பணத்தைத் தனியா வெச்சிருந்தான்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. காது குத்தின அன்று நான் செய்ததைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளலாம், அவனுக்கு வழியில்லாததால் செய்தது. இந்தத் தடவை அவனிடம் பணம் இருந்தது. கையில் எடுத்தும் விட்டான். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அதே ஏற்பாட்டை மறுபடி செய்து வைத்திருக்கிறேன். அதுவும் படுத்துக்கொண்டு போவதற்காக.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, புடவையை எடுத்துக்கொண்டு தி.நகர் கடைக்குப் போனேன். மூன்றாம் மாடிக்குப் பொறுப்பான சூப்பர்வைசர், நெற்றியில் சந்தனம் வைத்த திருநெல்வேலிக்காரர், பில்லின் தேதியைப் பார்த்தார்.

"மாசம் ஆவப் போவுது சார். எடுத்த துணி திரும்ப எடுக்க மாட்டோம்லா. வேணும்னா மாத்திக்கிடுங்க."

"மாத்த வேண்டாம். இந்த பில்லை ரத்து பண்ணிட்டு, இன்னொருத்தர் வேற புடவை எடுத்துத் தனியா பில் போடணும்."

ஏன் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் முழுவதையும் சொன்னேன். பாயிண்ட் என்ற இடம் வரை முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் கேட்டார். அந்த இடத்தில் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் மடிப்பதை நிறுத்தினார்கள்.

"தாய்மாமன் சீர, பொண்ணப் பெத்தவரு கார்டுலயா போட்டீய?"

"ஆமாம்."

"பாத்தா படிச்ச ஆளு மாதிரி இருக்கீய. எங்க ஊர்லன்னா இதுக்கு அருவாள எடுத்துருவாங்க சார்." பில்லை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து வந்தார். "சரின்னுட்டாரு. மாமனக் கூட்டிட்டு வாங்க. அவரா பாக்கணும், அவரா எடுக்கணும், அவரு கையால துட்டுக் கட்டணும். நீங்க மாடிக்கே வரப்படாது."

ஒப்புக்கொண்டேன். பணம் கார்டுக்குத் திரும்பியது. இரண்டு நாளில் போனஸ் பாயிண்டை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. அதில் ஒரு பகுதியை நான் அவசரப்பட்டு விமானக் கம்பெனிக்கு மாற்றியிருந்ததால், என் பாயிண்ட் இருப்பு மைனஸில் போனது. மைனஸ் பாயிண்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று போனில் கேட்டேன். செலவு செய்து ஈடுகட்டலாம் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னார்.

பட்டறைக்கு நான் மட்டும் போனேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே, "தப்பு பண்ணிட்டேன்டா" என்றேன்.

"இன்னா மாமா?" என்று கத்தினான்.

"தப்பு பண்ணிட்டேன்னேன்."

மெஷினை நிறுத்திவிட்டு, "இன்னா சொன்னீங்கோ, கேக்கல" என்றான். மூன்றாம் தடவையாகச் சொன்னேன். பக்கத்தில் வேலை செய்தவர் டீ குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார். கவரை நீட்டினேன். பேங்கில் எடுத்த ஐம்பத்தெட்டுப் புது நோட்டு. மேலே அந்த இரண்டு மஞ்சள் நோட்டு.

"மஞ்ச நோட்டு இது மட்டும் கீது. மீதி?"

"மெஷின்ல போட்டுட்டேன். இந்த ரெண்டை மட்டும் எடுத்துக்கல."

அவன் அந்த இரண்டு நோட்டையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"மெஷினுக்குத் தெரிஞ்சுகீது மாமா" என்றான். சிரிக்கவில்லை. கையில் சோப்பு போட்டுக் கிரீஸைக் கழுவிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு என்னோடு வந்தான்.

தி.நகரில் அவன் மாடிக்குப் போனான். நான் கீழ்த்தளத்தில், கைக்குட்டை விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரத்தில் ஒன்றும் வாங்காமல் உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று ஆறு கைக்குட்டை வாங்கினேன், ரொக்கத்துக்கு. மாம்பழ நிறப் புடவை விற்றுப்போய்விட்டதாம். அவன் பையோடு இறங்கி வந்து, "பச்ச எட்த்தேன்" என்றான். விலை சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பையைத் தூக்க என் கை நீண்டது. அவன் அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

நலங்கு அன்று மண்டப வாசலிலிருந்து மேளத்தோடு அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு முன்னால் அவன் மனைவி பூத்தட்டோடு. மைக் பிடித்தவர் "தாய்மாமன் சீர்" என்று சொன்னது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, தானே ஒரு தடவை சத்தமாகச் சொன்னான். கூட்டம் சிரித்தது. பெண் புடவையை வாங்கிக்கொண்டு அவன் காலில் விழுந்தாள். அட்சதை போட்டு எழுப்பிவிட்டான். சம்பந்தி வீட்டம்மா ஒருவர் பட்டின் முந்தானையைப் பிடித்துப் பார்த்து, எவ்வளவு என்று கேட்டார். பில்லை எங்கே வைத்திருந்தானோ தெரியாது, சட்டைப் பையிலிருந்து எடுத்தே காட்டினான். அந்தப் பச்சை என் பெண்ணுக்கு அவ்வளவாக எடுக்கவில்லை. ரோஜா நிறம்தான் எடுப்பாக இருந்தது. ஆனாலும் அவள் அன்று முழுக்கப் பச்சையை மாற்றவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்தது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவன் என் இலைக்கு எதிரே வந்து நின்றான்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், மனசுல வெச்சுக்காதீங்கோ. எத்தினி வருசமா பாயிண்டு சேத்துகினு கீறீங்கோ?"

"மூணு."

"மூணு வருசத்துல எங்கக்காவ எங்கனா இட்டுகினு போனீங்களா?"

பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். யோசித்துப் பார்த்தேன். ஆபீஸ் வேலையாக நான் இரண்டு தடவை கோயம்புத்தூர் போய் வந்திருக்கிறேன். விமான நிலையத்தில் அந்தக் கார்டுக்கு இலவசமாகத் தரும் இட்லியும் சாப்பிட்டிருக்கிறேன்.

"இல்லடா" என்றேன்.

"இல்லன்னு தெரியுமே. அப்பறம் இன்னா மயிருக்கு மாமா அந்தப் பாயிண்டு?"

அத்தனை பேர் நடுவில் பெண்ணைப் பெற்றவனை இப்படிக் கேட்டுவிட்டான். மூன்று வாரம் என்னிடம் "சரி மாமா" தவிர வேறு பேசாதவன். அக்காவுக்குத் தம்பியாக வந்து நின்று என்னைத் திட்டுகிறான் என்று புரிந்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. பந்தியில் உட்கார்ந்தபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை, பாயசம் கொண்டு வந்தவரை நிறுத்தி என் இலையில் இன்னொரு கரண்டி விடச் சொன்னான்.

எதிர் வரிசையில் என் மனைவி சம்பந்தியம்மாவிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு குனிந்து, இந்தத் தடவை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"போன வருசம் திருப்பதிக்கு நான்தான் இட்டுகினு போனேன் மாமா. பஸ்ஸுல. ஏறுனதுலேந்து எறங்கற வரிக்கும் ஜன்னல வுட்டுத் தலைய திருப்பல எங்கக்கா."